இணையம் போனால் சுவிட்சும் போகிறது: புது ஹப் வாங்க வேண்டுமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே மாந்தோப்பை ஒட்டி வீடு கட்டியிருக்கிறோம். ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில், வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை நானே நிறுவினேன். ஓசூரில் வாங்கிய வைஃபை சுவிட்சுகள் ஸ்மார்ட் லைஃப் செயலி வழியாக அதில் சேர்ந்துள்ளன. இணையம் போனதும் எல்லாமே 'கிடைக்கவில்லை' என்று காட்டுகின்றன. பொருத்திக் கொடுத்தவர், புது ஹப் (கருவிகளை இணைக்கும் மையப் பெட்டி) வாங்கி ஆண்டுச் சந்தா கட்டினால்தான் சரியாகும் என்கிறார். போர்வெல் மோட்டாரையும் இதில் சேர்க்க எண்ணுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: ஹப் வாங்க வேண்டாம். உங்களிடம் இருப்பவை வைஃபை சுவிட்சுகள். இத்தகையவர்கள் விற்பது பெரும்பாலும் ஜிக்பீ என்ற வேறு வகை வயர்லெஸ் முறையில் பேசும் ஹப். அதற்கு வைஃபை சுவிட்சுகளோடு பேசத் தெரியாது. ஹப் வந்த மறுவாரமே சுவிட்சுகளையும் மாற்றச் சொல்வார்கள்.

உங்கள் சிக்கலின் காரணம் எளிது. ஸ்மார்ட் லைஃப் செயலி டூயா நிறுவனத்தினுடையது; ஹோம் அசிஸ்டன்டில் அதற்கென இருக்கும் அதிகாரபூர்வ டூயா இன்டெக்ரேஷன் (இணைப்பு நிரல்) 'கிளவுட் புஷ்' வகையைச் சேர்ந்தது. அதாவது, கூடத்து விளக்கை அணைக்க நீங்கள் கொடுக்கும் கட்டளை, நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் கூடத்துக்குத் திரும்பி வருகிறது. இணையம் அறுந்தால் பாதை முழுவதும் அறுந்துவிடும். இதை எந்த நிரலாளரும் திருத்த முடியாது. ஒவ்வொரு இன்டெக்ரேஷனின் விளக்கப் பக்கத்திலும் அது உள்ளூர் வகையா, கிளவுட் வகையா என்று குறித்திருப்பார்கள். வாங்கும் முன் பார்க்க வேண்டியது அந்த ஒரு குறிப்பைத்தான். வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரும் தரவரிசை நிரலின் ஒழுங்கைப் பற்றியது. இணையம் இல்லாமல் இயங்குமா என்பதற்கு அது விடையாகாது.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. லோக்கல் டூயா என்ற தன்னார்வலர் இன்டெக்ரேஷனை நிறுவி, ஒவ்வொரு சுவிட்சுக்கும் உரிய உள்ளூர்ச் சாவியை (சுவிட்சோடு நேரடியாகப் பேச உதவும் கடவுக்குறியை) டூயாவின் மேம்பாட்டாளர் தளத்திலிருந்து எடுத்துப் பதிந்தால், கட்டளை வீட்டு ரவுட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். ரவுட்டரில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் நிலையான ஐபி முகவரி ஒதுக்குங்கள். சுவிட்சைச் செயலியிலிருந்து நீக்கி மீண்டும் சேர்த்தால் சாவி மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய சுவிட்சுகள் பலவும் ஒரு நேரத்தில் ஒரே ஓர் உள்ளூர் இணைப்பைத்தான் ஏற்கும் என்பதால், வீட்டில் யாருடைய கைபேசியிலாவது செயலி திறந்திருந்தால் ஹோம் அசிஸ்டன்ட் வெளியே நிற்க வேண்டியதுதான். இதைப் பழுதென்று சொல்லிப் புதுச் சுவிட்சு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

இடைத்தரகர்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். சுவிட்சைப் பொருத்த வருபவர் தம்முடைய கைபேசி எண்ணிலேயே கணக்குத் தொடங்கி, உங்களுக்கு 'பகிர்வு' மட்டும் கொடுத்துவிட்டுப் போவது நம் பக்கத்தில் சர்வசாதாரணம். அப்படியானால் காகிதத்தில் வீடு உங்களுடையது, சுவிட்சுகள் அவருடையவை. அவர் தொலைபேசியை எடுக்காத நாளில் உங்களால் சாவியையும் எடுக்க முடியாது. இன்றே செயலியைத் திறந்து, வீட்டின் உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு அதை முதலில் மாற்றுங்கள். அடுத்து, பெங்களூரு எஸ்.பி. ரோட்டு மின்னணுக் கடைகளில் வாங்கி வந்து, 'ஃபர்ம்வேர் (சுவிட்சுக்குள் இருக்கும் மென்பொருள்) மாற்றித் தருகிறேன்' என்பவர்கள். பழைய சுவிட்சுகளில் ஈஎஸ்பி8266 சில்லு இருந்தது. டாஸ்மோட்டா என்ற இலவச மாற்று ஃபர்ம்வேர் அதில் எளிதில் ஏறியது. புதியவை பலவற்றில் பெக்கன் சில்லு வருகிறது. அதில் டாஸ்மோட்டா ஏறாது. எந்தச் சில்லு என்று சொல்லத் தெரியாதவரிடம் சுவிட்சைக் கொடுக்காதீர்கள். மின் இணைப்பில் இருக்கும் சுவிட்சைத் திறந்து கணினியோடு கோப்பது உயிரைப் பறிக்கும்.

உங்கள் சுவிட்சு தவறான நிலையைக் காட்டினால் அதை ஹோம் அசிஸ்டன்ட் திட்டத்தாருக்கு எழுதுங்கள். இன்டெக்ரேஷன் பக்கத்தின் மூன்று புள்ளிப் பட்டியில் 'டயக்னாஸ்டிக்ஸ்' கோப்பு கிடைக்கும்; அதையும், மாடல் எண்ணையும், மென்பொருளின் பதிப்பு எண்ணையும் சேர்த்து அனுப்பினால்தான் யாரும் தொடுவார்கள். 'வேலை செய்யவில்லை' என்ற ஒற்றை வரிப் புகார்களைத் தன்னார்வலர்கள் புறக்கணிப்பதில் வியப்பில்லை. ஆயினும், கோப்போடும் படத்தோடும் ஒழுங்காக எழுதிய புகாரும் சில மாதம் அசைவில்லாமல் கிடந்தால் தானியங்கி நிரல் வந்து அதை மூடிவிட்டுப் போவது எரிச்சலூட்டுகிறது. அதைவிடப் பெரிய எரிச்சல் தயாரிப்பாளர்கள் மீது: பெட்டி முழுக்க வண்ணச் சின்னங்களை அச்சிடுகிறார்கள், இணையமில்லாமல் இயங்குமா என்ற ஒரு வரிக்கு மட்டும் இடமில்லை.

மோட்டார் விஷயம் வேறு. விளக்குக்கு நான் சொன்ன எதையும் அதற்கு அப்படியே பொருத்தாதீர்கள். மோட்டாரின் மின்சாரத்தை வைஃபை சுவிட்சு வழியாக ஒருபோதும் செலுத்தக் கூடாது. 16 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் கூடாது, ஏனெனில் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு. வைஃபை ரிலே (வைஃபையில் இயங்கும் சிறு சுவிட்சு), ஸ்டார்ட்டருக்குள் மோட்டாரின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும். மின்சாரம் போய் வந்தால் ரிலே 'அணைந்த' நிலையிலேயே இருக்கும்படி அமையுங்கள். இல்லையேல் நள்ளிரவில் மின்சாரம் திரும்பியதும் தண்ணீரில்லாத போர்வெல்லில் மோட்டார் தானாக ஓடும். இத்தனை நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது என்ற வரம்பை ஹோம் அசிஸ்டன்டில் எழுதினால் போதாது, ரிலேயின் உள்ளேயே வையுங்கள். ராஸ்பெர்ரி பையின் எஸ்டி கார்டு பழுதாகும் நாளில் மோட்டாரை நிறுத்த வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் ஒற்றை ஃபேஸ் தடுப்பானும், தண்ணீரில்லாமல் ஓடினால் நிறுத்தும் உலர் ஓட்டத் தடுப்பானும் ஸ்டார்ட்டரிலேயே இருக்கட்டும். தொட்டியின் மிதவை சுவிட்சையும் காயில் சுற்றிலேயே நேராகக் கோத்துத் தரும்படி உங்கள் எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.