வாசகர் கேள்வி: மங்கிய மானும் வெளுத்த கொக்கும்

கேள்வி: குமணை தேசிய பூங்காவுக்குப் போய் 70–300 மி.மீ. லென்ஸால் படம் எடுத்தேன். புள்ளிமான்கள் மங்கல், கொக்குகள் வெறும் வெள்ளைத் திட்டு. பெரிய லென்ஸ் வாங்கத்தான் வேண்டுமா? – கல்முனை வாசகர்

பதில்: காசை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள். முதலில் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். மானும் மரமும் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் ஆடியது கமரா. மரம் தெளிவாக, மானின் தலையும் காதும் மட்டும் கலங்கியிருந்தால் அசைந்தது மான். முன்னால் நிற்கும் புல் மட்டும் தெளிவென்றால் குவியம் (ஃபோகஸ்) அதில் விழுந்துவிட்டது. ஒற்றைக் குவியப்புள்ளியைத் தெரிவுசெய்து மானின் கண்ணில் வையுங்கள்.

ஆட்டம் பெரும்பாலும் ஜீப்பால் வருவது. என்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். துணிப்பை ஒன்றில் பயறோ அரிசியோ முக்கால்வாசி போட்டுக் கட்டி, ஜன்னல் விளிம்பில் வைத்து, லென்ஸை அதன்மேல் அமர்த்துங்கள். முட்ட நிரப்பினால் பை உருளும்.

ஷட்டர் வேகம் நின்று மேயும் மானுக்கு 1/500 நொடி, ஓடினால் 1/1000, பறக்கும் நாரைக்கு 1/2000. விடிகாலையில் இதற்கு ஐஎஸ்ஓ (கமராவின் ஒளி உணர்திறன்) 3200 வரை ஏறும். ஏறட்டும். படத்தில் விழும் குறுணியைப் பிறகு குறைக்கலாம், மங்கலைத் திருத்த முடியாது.

கொக்குக்கு லென்ஸ் பொறுப்பல்ல. வில்லுவின் (ஆழமில்லாத சதுப்பு நீர்நிலையின்) கறுத்த நீரையும் கண்டல் மரங்களையும் அளந்து, கமரா படம் முழுவதையும் வெளிச்சமாக்கிவிடுகிறது. இறகின் கோடுகள் அழிந்துபோகின்றன. கமராவில் வெளிச்ச ஈடுசெய்தலை (exposure compensation) −1 ஆக்குங்கள். வானத்தின் பின்னணியில் பறந்தால் +1. மாற்றியதைத் திரும்பப் பூச்சியத்துக்குக் கொண்டுவர மறப்பதுதான் வழமையான கோளாறு.

வெயில் ஏறியதும் வில்லுவின் மேல் கானல் எழும். அப்போது தூரத்து நாரையைப் பெரிய லென்ஸால் எடுத்தால் கலங்கலும் சேர்ந்தே பெரிதாகும். பஞ்சுருட்டான், மீன்கொத்தி போன்ற சின்னப் பறவைகளே வேண்டுமென்றால் மட்டும் 400 மி.மீ.க்கு மேல் யோசியுங்கள்.

கேள்வி: ஏசி வாகனத்தில் இருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படிகிறது. துடைத்தாலும் திரும்பப் படிகிறது. – மட்டக்களப்பு வாசகர்

பதில்: துடைக்காதீர்கள்; கண்ணாடி குளிராக இருக்கும்வரை படிந்துகொண்டே இருக்கும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளிக்காற்றில் வையுங்கள். பொத்துவில் தாண்டியதும் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிட்டால், குமணைப் பூங்காவின் உகந்தை வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆவி படிந்திருக்கும்போது மட்டும் லென்ஸைக் கழற்றாதீர்கள். ஈரக்காற்று சென்சர்வரை போய்விடும்.