பதில்: கிங் கவுண்டி எந்த கிங் பேரு?

அமெரிக்கால சியாட்டில் இருக்கிற கிங் கவுண்டிக்கு (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) யாரு பேருன்னு பொண்ணோட ப்ராஜெக்ட்டுக்கு கேட்டிருந்தீங்க, புக்ல வில்லியம் கிங், வெப்சைட்ல மார்ட்டின் லூதர் கிங்னு. ரெண்டுமே சரிதாங்க. 1852ல கவுண்டி உருவானப்போ, துணை ஜனாதிபதியா ஜெயிச்சிருந்த வில்லியம் ரூஃபஸ் கிங் பேர வச்சாங்க, பக்கத்து பியர்ஸ் கவுண்டி ஜனாதிபதியா ஜெயிச்ச பிராங்க்ளின் பியர்ஸ் பேரு. பாவம், வில்லியம் கிங் பதவியேத்து ஒரு மாசம்கூட ஆகல, 1853 ஏப்ரல்ல போயிட்டாரு. ஆனா மனுஷன் அலபாமால அடிமைங்கள வச்சிருந்தவரு, அத சொல்லித்தான 1986ல கவுண்டி கவுன்சில் இனிமே இது மார்ட்டின் லூதர் கிங் பேருன்னு தீர்மானம் போட்டுச்சு, மாநில சட்டமா ஆனது 2005லதான். பேர்ல ஒரு எழுத்துகூட மாறல, கில்லாடி வேல! கவுண்டி லோகோல மட்டும் கிரீடம் போயி மார்ட்டின் லூதர் கிங் முகம் வந்துச்சு. ப்ராஜெக்ட்ல ரெண்டு கிங்கையும் வருஷத்தோட எழுதச் சொல்லுங்க.