கேமராவின் மேல் தனியாகப் பொருத்தும் வெளி பிளாஷ் போட்டால் முகம் வெளுத்து, பின்னால் இருட்டாக வருகிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, எப்படிச் சரிசெய்வது?

உறவுக்காரர் கல்யாணத்தில் பிளாஷை நேராக வைத்து, கேமராவை ஆட்டோவில் விட்டு எடுத்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் கல்யாணம் எடுப்பதுதான் என் தொழில். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

பிளாஷ் போட்ட படம் எல்லாவற்றிலும் இரண்டு வெளிச்சம் இருக்கிறது. மண்டபத்து விளக்கு ஒன்று, உங்கள் பிளாஷ் இன்னொன்று. பிளாஷ் ஒரு நொடியின் மிகச் சின்னப் பங்குக்குள் அடித்து ஓய்ந்துவிடும். கேமராவுக்குள் வெளிச்சத்தை விடும் கதவான ஷட்டர் அதற்கப்புறமும் திறந்திருந்தால் மண்டப வெளிச்சம்தான் கூடும், பிளாஷ் வெளிச்சம் கூடாது. அதனால் பின்னணிக்கு ஷட்டர், முகத்துக்கு பிளாஷ் பவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அப்பர்ச்சரும் (லென்ஸ் துளையின் அளவு) ஐஎஸ்ஓவும் (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற அளவு) இரண்டையும் சேர்த்தே மாற்றும்.

முதலில் பிளாஷை அணைத்துவிட்டு மணவறையை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ 800, அப்பர்ச்சர் எஃப்/4, ஷட்டர் 1/80 நொடி என்று தொடங்கி, அலங்காரம் லேசாக வெளிச்சம் குறைந்து தெரியும்வரை ஷட்டரை மாற்றுங்கள். அப்புறம் பிளாஷைப் போட்டு, முகத்துக்கு வேண்டிய அளவு பவரை ஏற்றுங்கள். பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் 1/200 அல்லது 1/250க்கு மேல் போனால் படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். வேகமான ஷட்டரிலும் பிளாஷ் போடவிடும் ஹை ஸ்பீடு சிங்க் வசதி இருந்தால் அதைத் தாண்டலாம், ஆனால் பவர் நிறையக் குறைந்துவிடும்.

கேமராவே பிளாஷ் பவரைக் கணக்கிடும் டிடிஎல்லா, நாமே பவரை வைக்கும் மேனுவலா என்று கேட்டால், ரிசப்ஷனுக்கு மேனுவல்தான். நீங்கள் நிற்கும் இடமும் ஜோடி நிற்கும் இடமும் மாறுவதில்லை. ஒரு முறை 1/8 பவரில் சரியாக வந்தால் கடைசி விருந்தாளி வரை அப்படியே வரும். டிடிஎல் அங்கே ஏமாற்றும். வெள்ளைச் சட்டை வேட்டியில் நாலு பேர் ஏறினால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும், வெள்ளை சாம்பலாகிவிடும். கறுப்பு கோட் போட்டவர் வந்தால் முகம் வெளுக்கும். முகூர்த்தத்தில் கதை வேறு. புகைக்கும் கூட்டத்துக்கும் நடுவே நாம் முன்னே பின்னே நகர்ந்துகொண்டே இருப்போம், அங்கே டிடிஎல் தான் கைகொடுக்கும். வெள்ளை அதிகமிருந்தால் டிடிஎல் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் பிளாஷ் காம்பன்சேஷனை +1 வரை ஏற்றிவிடுங்கள்.

தூரக் கணக்கை மட்டும் மறக்கவே கூடாது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். குரூப் போட்டோவில் முன்வரிசை 2 மீட்டரிலும் பின்வரிசை 3 மீட்டரிலும் இருந்தால், பின்னால் நிற்கும் மாமாவுக்கு முன்வரிசையின் பாதி வெளிச்சம்கூடக் கிடைக்காது. நீங்கள் இரண்டு மீட்டர் பின்னால் போய் பவரைக் கூட்டுங்கள். 4க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு தெரியாது.

கூரை வெள்ளையாக, தாழ்வாக இருந்தால் பிளாஷை மேலே திருப்பி, வெளிச்சம் கூரையில் பட்டுத் திரும்பி வரும்படி பவுன்ஸ் செய்யுங்கள், முகம் அழகாக வரும். போகும் வெளிச்சத்தில் குறைந்தது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) தொலையும், அதை ஐஎஸ்ஓவில் ஈடுகட்டிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் மரக்கட்டையில் செங்கல் அடுக்கிக் கூரை போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இது நடக்காது. அந்தக் கூரை வெளிச்சத்தைக் குடித்துவிட்டு மீதியைப் பழுப்பாகத் திருப்பித் தரும். பச்சைச் சுவர் பக்கம் திருப்பினால் மணப்பெண் முகமும் பச்சையாகும். அந்த மாதிரி இடங்களில் ஒரு தம்பியிடம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைக் கொடுத்துப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி அதில் அடிப்பேன்.

பின்திரையில், வெளிச்சம் அதிகமாகி வெளுத்த இடங்களை மினுக்கிக் காட்டும் ஹைலைட் வார்னிங்கைப் போட்டு வையுங்கள். நகையும் ஜரிகையும் மினுக்கினால் கவலையில்லை, நெற்றியும் கன்னமும் மினுக்கக் கூடாது. சித்திரை வைகாசி வெயிலில் வேலூரில் வியர்க்காத முகம் கிடையாது. அந்த வியர்வையில் பிளாஷ் பட்டால் வெள்ளைத் திட்டாகிவிடும், பிறகு எந்த மென்பொருளிலும் மீட்க முடியாது. பவரைக் குறைப்பதற்கு முன் ஒரு டிஷ்யூவால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

வெளியில், கோட்டை அகழிப் பக்கம் ஜோடியை நிறுத்தி எடுப்பதாக இருந்தால், வெயில் அவர்கள் முதுகில் விழட்டும், நிழலில் இருக்கும் முகத்துக்கு பிளாஷ் கொடுங்கள். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200, எஃப்/11 அளவு வரும். பிளாஷின் வலிமையைச் சொல்லும் கைடு நம்பரை அப்பர்ச்சரால் வகுத்தால் ஐஎஸ்ஓ 100இல் அது எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். கைடு நம்பர் 32 என்றால் 32ஐ 11ஆல் வகுக்க, முழு பவரில்கூட 3 மீட்டருக்குள்தான். அதனால் ஜூம் லென்ஸோடு தள்ளி நிற்காமல் கிட்டே போங்கள். முழு பவரில் ஒரு முறை அடித்தால் திரும்பச் சார்ஜ் ஏறச் சில நொடிகள் ஆகும். தயார் விளக்கு எரிந்த பிறகே அடுத்ததை அழுத்துங்கள்.