சர்க்கரையும் தைராய்டும் சேர்ந்திருந்தால் காலை மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது?

கேள்வி: எனக்கு வயது 51. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். சில மாதங்களாக ஒரே அசதி, எடை கூடுகிறது, முடி கொட்டுகிறது. முடிக்காகப் பயோட்டின் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். முற்பகலில் அவ்வப்போது கை நடுங்கி வியர்த்துச் சர்க்கரை 62 வரை இறங்குகிறது. ஆனால் மூன்று மாதச் சராசரி 8.1 என்று வந்தது. டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) 14 இருப்பதால் இரண்டு வாரமாகத் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை 50 மைக்ரோகிராம். வெறும் வயிற்றில் சாப்பிடச் சொன்னதால் எல்லா மாத்திரைகளையும் ஆறு மணிக்கே போட்டுவிடுகிறேன். அதிலிருந்து எட்டு மணிக்கே படபடப்பு. சர்க்கரையால்தான் தைராய்டு வந்ததா? முட்டைகோஸை நிறுத்த வேண்டுமா? அக்கா மகள் 12 வயதிலிருந்து இன்சுலின் போடுகிறாள். அவளுக்கும் தைராய்டு பார்க்க வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் மாத்திரை விஷயத்தை முடித்துவிடுவோம். நாளையிலிருந்து கிளிமிபிரைடை ஆறு மணிக்குப் போடாதீர்கள். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. உடனே சாப்பாடு வந்தாக வேண்டும். எல்லோருக்கும் டிபன் கொடுத்துவிட்டு நீங்கள் எட்டரைக்கு உட்கார்ந்தால், அதற்குள் மருந்து தன் வேலையைக் காட்டிவிடும். எட்டு மணிப் படபடப்பு பெரும்பாலும் அதனால்தான். வெறும் வயிறு தேவைப்படுவது தைராக்சினுக்கு மட்டும். எழுந்ததும் அதைத் தண்ணீரில் விழுங்குங்கள். முக்கால் மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், காபிகூட வேண்டாம் (கஷ்டம்தான், தெரியும்). கிளிமிபிரைடு இட்லித் தட்டு முன்னால் வந்தபிறகு. மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன்.

தைராக்சின் ஆரம்பிப்பதற்கு முன்பே 62 வந்திருக்கிறதே, அதற்குத் தைராய்டு குறைவே காரணமாக இருக்கலாம். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் கல்லீரல் குளுக்கோஸை வெளியே விடுவது மந்தமாகிறது, குடல் மெதுவாக உறிஞ்சுகிறது, இன்சுலின் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்குகிறது. பழைய அளவு மாத்திரையே திடீரென்று அதிகமாகிவிடும். காரணமில்லாமல் சர்க்கரை இறங்க ஆரம்பித்தால் தைராய்டையும் ஒருமுறை பார்க்கச் சொல்வது இதனால்தான். கிளிமிபிரைடைக் குறைக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னொன்று: தைராய்டு சரியானதும் சர்க்கரை கொஞ்சம் ஏறலாம், மாத்திரையைத் திரும்பக் கூட்ட வேண்டியிருக்கலாம். அப்போது தைராக்சினைப் பழித்து நிறுத்திவிடாதீர்கள்.

அப்படியானால் மூன்று மாதச் சராசரி 8.1 எப்படி? இந்தச் சோதனை சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. அவற்றின் ஆயுள் சுமார் 120 நாள். தைராய்டு குறைந்தவர்களுக்குப் புது அணுக்கள் உற்பத்தி மந்தமாவதால், பழைய அணுக்களின் பங்கு கூடி, எண் உள்ளதைவிட உயர்வாகத் தெரியலாம். இரும்புச்சத்துக் குறைவும் இதையே செய்யும். எனவே அந்த ஓர் எண்ணைப் பார்த்து யாரும் சர்க்கரை மருந்தைக் கூட்டிவிடக் கூடாது. வீட்டு மீட்டரில் வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதிவைத்துக் காட்டுங்கள். ஹீமோகுளோபினும் பார்க்கலாம். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது சகஜம், அசதிக்கு அதுவும் பங்காளியாக இருக்கலாம். இரும்பு, கால்சியம் மாத்திரை கொடுத்தால் தைராக்சினுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

உங்களுக்கு இருப்பது டைப் 2 என்று எடுத்துக்கொள்கிறேன். அது தைராய்டைக் கெடுத்துவிட்டது என்று சொல்ல முடியாது. உங்கள் வயதில் பெண்களுக்கு இரண்டுமே பரவலாக வருவதால் ஒரே வீட்டில் குடியேறிவிடுகின்றன, அவ்வளவுதான். தைராய்டு குறைவுக்கு முக்கியக் காரணம், உடலின் எதிர்ப்புச்சக்தி அந்தச் சுரப்பியையே தாக்குவது. ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912-இல் விவரித்த நோய் அது. அப்படியென்றால் மாத்திரை பெரும்பாலும் ஆயுளுக்கும் தொடரும்.

முட்டைகோஸை வேகவைத்துப் பொரியலாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் பயோட்டினைக் கவனிக்க வேண்டும். சில ஆய்வக முறைகளில் அது டி.எஸ்.எச்.சை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அதை நம்பி மருந்தளவைக் குறைத்துவிடும் ஆபத்து உண்டு. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். முடி கொட்டுவதற்குத் தைராக்சினே மருந்தாகலாம், மாதங்கள் பிடிக்கும். அடுத்த டி.எஸ்.எச். சோதனை, தைராக்சின் ஆரம்பித்து ஆறிலிருந்து எட்டு வாரத்தில். அதற்கு முன் பார்த்தால் பணம்தான் வீண். கொலஸ்ட்ராலையும் அதற்குப் பிறகு பாருங்கள். தைராய்டு குறைவே கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும்.

அக்கா மகள் விஷயம் வேறு. சிறு வயதில் வரும் டைப் 1-இல் எதிர்ப்புச்சக்தி கணையத்தைத் தாக்குகிறது. அதே கோளாறு தைராய்டையும் தொடுவது அடிக்கடி நடக்கும். அவளுக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும். நோய் தெரிந்து சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் வந்ததும் டி.எஸ்.எச்., தைராய்டைத் தாக்கும் எதிரணுக்கள் (ஆன்டிபாடி) இரண்டும்; சரியாக இருந்தால் பிறகு ஒன்று, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். கழுத்து வீங்கினாலோ, உயரம் கூடுவது நின்றாலோ, இன்சுலின் அளவு மாறாமலேயே அடிக்கடி சர்க்கரை இறங்கினாலோ தவணைக்காகக் காத்திருக்காமல் உடனே பார்க்கச் சொல்லுங்கள்.