பக்ஸ் கவுண்ட்டியில் வீடு வாங்குவது: கேள்வி பதில்

பென்சில்வேனியாவில் வில்லியம் பென் 1682-இல் முதலில் வகுத்த மூன்று கவுண்ட்டிகளில் பக்ஸும் ஒன்று. பிலடெல்ஃபியாவுக்கு வடக்கே டெலவேர் ஆற்றை ஒட்டி நீளும் இதற்குள் 54 உள்ளாட்சிகள். வரி, தண்ணீர், கட்டட விதி எல்லாம் ஊருக்கு ஊர் வேறு. "பக்ஸில் வீடு வாங்கலாமா" என்று பொதுவாக வந்த கேள்விகளைத் தள்ளிவிட்டு, ஊரும் வீட்டின் வயதும் சொல்லிக் கேட்டவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: வேலை நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில். நியூடவுன் பக்கம் வாங்கினால் இரண்டு மாநிலத்துக்கும் வருமான வரி கட்ட வேண்டுமா சார்?

பதில்: வேண்டாம். இரு மாநிலங்களுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கிறது. கம்பெனியில் என்ஜே-165 படிவம் கொடுத்துவிட்டால் நியூ ஜெர்சி சம்பள வரி பிடிக்காது, பென்சில்வேனியாவுக்கு 3.07 சதவீதம் மட்டும். பலர் மாட்டிக்கொள்வது இதற்கு அடுத்த படியில். பல டவுன்ஷிப்புகளில் சம்பளத்தின் மேல் 1 சதவீத உள்ளூர் வரி உண்டு. நியூ ஜெர்சி கம்பெனி அதைப் பெரும்பாலும் பிடிக்காது. நீங்களே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் வட்டி, அபராதத்தோடு நோட்டீஸ் வரும். எந்த ஊரில் இந்த வரி இருக்கிறது, எதில் இல்லை என்று ஆஃபர் போடும் முன்பே கேளுங்கள். நியூ யார்க்கில் வேலை என்றால் இந்த ஒப்பந்தம் பொருந்தாது. அங்கே வரி கட்டிவிட்டு இங்கே கிரெடிட் கோர வேண்டும். இரு மாநிலத்தையும் இணைக்கும் ஸ்கடர் ஃபால்ஸ் பாலத்தில் டோல் ஒரு வழிக்குத்தான், அதுவும் வீடு திரும்பும்போது.

கேள்வி: விளம்பரத்தில் முகவரி டாய்ல்ஸ்டவுன் என்று இருக்கிறது. பள்ளியும் அந்த ஊர்ப் பள்ளிதானே?

பதில்: முகவரி தபால் நிலையத்துடையது, ஊர் எல்லை அது அல்ல. டாய்ல்ஸ்டவுன் முகவரியோடு பக்கிங்ஹாமிலும் பிளம்ஸ்டெட்டிலும் வீடுகள் உண்டு. சென்ட்ரல் பக்ஸ் மாவட்டத்திலேயே மூன்று உயர்நிலைப் பள்ளிகள். தெரு எண்ணைச் சொல்லிப் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள், ஏஜென்ட் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: 6 லட்சம் டாலர் வீட்டுக்கு வரி மதிப்பு சில பத்தாயிரம் டாலர்தான் காட்டுகிறது. தவறா?

பதில்: தவறில்லை. கவுண்ட்டி முழுக்க மறுமதிப்பீடு நடந்தது கடைசியாக 1972-இல். அந்தச் சிறிய மதிப்பின் மேல் பெரிய மில் விகிதம் (மதிப்பில் ஆயிரம் டாலருக்கு இத்தனை டாலர் வரி என்ற கணக்கு) போடுகிறார்கள். விலையை வைத்துக் கணக்குப் போடாமல் விற்பவரிடம் இரண்டு பில்களையும் கேளுங்கள்: ஆண்டுத் தொடக்கத்தில் கவுண்ட்டி, டவுன்ஷிப் வரி, ஜூலையில் பள்ளி வரி. இரண்டாவதுதான் பெரிய தொகை. வரி மதிப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யக் கடைசி நாள் ஆகஸ்ட் 1. குடியேறியதும் ஹோம்ஸ்டெட் கழிவுக்கு (சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கான வரிக் குறைப்பு) விண்ணப்பியுங்கள். அதற்குக் கடைசி நாள் மார்ச் 1.

கேள்வி: நியூ ஹோப் அருகே 1790களின் கல் வீடு. பார்த்ததும் பிடித்துவிட்டது. எதையெல்லாம் பார்க்க வேண்டும் அண்ணா?

பதில்: முதலில் சாந்து. சுவர் ஒன்றரை, இரண்டு அடி கனம் இருக்கும். கட்டியது சுண்ணாம்புச் சாந்தில். சுவரில் ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். பின்னால் வந்தவர்கள் பல வீடுகளில் போர்ட்லண்ட் சிமெண்டால் இடுக்கை அடைத்திருக்கிறார்கள். ஈரத்துக்குப் போக வழியில்லை. குளிரில் உறைந்து விரிந்து கல்லின் முகத்தை உரிக்கும். சுவருக்குள் பதிந்த உத்திர முனை அழுகும். வெளிச்சுவரில் ஓர் இடுக்கைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். வெளுப்பாகப் பொடிந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் இருந்து சாவி வழுக்கினால் சிமெண்ட்.

அடுத்து பேஸ்மென்ட். விட்டங்களில் குண்டூசித் தலை அளவுத் துளைகள் இருப்பது சாதாரணம். துளைக்கு அடியில் வெளிறிய மாவுத்தூள் புதிதாகக் கொட்டியிருந்தால் பூச்சி இன்னும் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். சுவரோரமாக விட்ட முனைகளில் கூரான ஊசியால் குத்திப் பாருங்கள்; சுலபமாக இறங்கினால் பொறியாளரைக் கூப்பிடுங்கள், பொது இன்ஸ்பெக்டர் போதாது.

பீங்கான் உருளைகளில் ஓடும் பழைய ஒயரிங் இருந்தால் பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வீட்டைத் தொடாது. பாலிசி இல்லாமல் வங்கிக் கடனும் வராது. ஆகவே இன்ஷூரன்ஸ் விலைப்புள்ளியை இன்ஸ்பெக்‌ஷன் கெடுவுக்குள்ளேயே வாங்கிவிடுங்கள். மண்ணுக்குள் எண்ணெய்த் தொட்டி புதைந்திருக்கிறதா என்று உலோகம் கண்டறியும் கருவியால் தேடச் சொல்லுங்கள். கசிந்திருந்தால் மண்ணை அள்ளும் செலவு உங்கள் தலையில்.

கேள்வி: அந்த மாதிரி வீட்டில் ஜன்னல் மாற்ற அனுமதி வேண்டுமா?

பதில்: வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் சொந்தப் பணத்தில் செய்யும் வேலைக்குத் தடை வராது. உள்ளூர் வரலாற்று வட்டாரத்துக்குள் வீடு இருந்தால் கதை வேறு. 1961 மாநிலச் சட்டப்படி ஊர் அமைத்த கட்டடக்கலைக் குழு பார்த்துப் பரிந்துரைக்கும். சான்றிதழ் தருவது ஊராட்சி மன்றம். அதுவும் தெருவிலிருந்து கண்ணில் படும் பக்கத்துக்குத்தான், உட்புறத்தில் தலையிடுவதில்லை. பிளாஸ்டிக் ஜன்னலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போய் நிற்காதீர்கள்.

கேள்வி: பக்கிங்ஹாமில் நான்கு படுக்கையறை, சொந்தக் கிணறு, செப்டிக். பயப்பட வேண்டுமா?

பதில்: பயம் வேண்டாம், காகிதம் வேண்டும். செப்டிக் (வீட்டுக் கழிவுநீரை மண்ணுக்குள்ளேயே விடும் தொட்டி அமைப்பு) அளவு படுக்கையறைக் கணக்கில்: மூன்று அறைக்கு நாளுக்கு 400 கேலன், மேலும் ஒவ்வோர் அறைக்கும் 100. விளம்பரத்தில் நான்கு, கவுண்ட்டி சுகாதாரத் துறை பர்மிட்டில் மூன்று என்றால் யாரோ படிப்பறையைப் படுக்கையறை ஆக்கியிருக்கிறார்கள். சாயத்தை மட்டும் ஊற்றிப் பார்க்கும் சோதனையில் திருப்தி அடையாதீர்கள். தொட்டியைத் திறந்து, காலி செய்து, தடுப்புகளைப் பார்த்து, நிலம் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சுகிறது என்று சோதிக்கச் சொல்லுங்கள். முற்றத்தில் புல் மூடிய மேடு தெரிந்தால் அது சாண்ட் மவுண்ட், கழிவுநீரை வடிகட்டும் மணல் மேடு. அதைப் புதிதாகப் போடுவது பல பத்தாயிரம் டாலர் வேலை.

கிணற்றுக்கு நிமிடத்துக்கு எத்தனை கேலன் என்ற அளவும், கோலிஃபார்ம் பாக்டீரியா, நைட்ரேட், ஆர்செனிக் சோதனையும் கேளுங்கள். வாரிங்டன், வார்மின்ஸ்டர் சுற்றுவட்டாரம் என்றால் பிஃபாஸ் (எளிதில் சிதையாத ரசாயனங்கள்) சோதனையும் சேர்த்து. பழைய கடற்படை விமானத் தளங்களில் பயன்படுத்திய தீயணைப்பு நுரை நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறது. நம் சமையலுக்கு ஒரு வார்த்தை: வடைச் சட்டி எண்ணெயை சிங்கில் கொட்டும் பழக்கம் செப்டிக் வீட்டில் ஆகாது.

கேள்வி: யார்ட்லியில் கால்வாய் ஓரம் விலை குறைவாக இருக்கிறதே?

பதில்: காரணம் இருக்கிறது. 2004 செப்டம்பர், 2005 ஏப்ரல், 2006 ஜூன் என்று இரண்டே ஆண்டுக்குள் மூன்று முறை டெலவேர் ஏறியது. ஆறு மட்டுமல்ல, 2023 ஜூலையில் அப்பர் மேக்ஃபீல்டில் சிற்றோடை திடீரெனப் பெருகி உயிர்ப் பலி வாங்கியது. உயரச் சான்றிதழ் (வெள்ள மட்டத்தோடு ஒப்பிட வீட்டின் உயரத்தைக் காட்டும் ஆவணம்) இருக்கிறதா என்று கேளுங்கள். அரசு வெள்ளக் காப்பீட்டில் கட்டடத்துக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். பேஸ்மென்டுக்குக் கிடைப்பது சொற்பம். பாலிசி எடுத்தால் 30 நாள் காத்திருக்க வேண்டும், வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் அது கிடையாது. விற்பவரின் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றவும் முடியும். அது மலிவாக வரும் வாய்ப்பு உண்டு.

கேள்வி: பட்ஜெட் குறைவு. லெவிட்டவுன்?

பதில்: 1952 முதல் 1958 வரை கட்டிய 17,311 வீடுகள், பேஸ்மென்ட் கிடையாது. வீட்டைச் சூடாக்க கான்கிரீட் தளத்துக்குள்ளேயே செம்புக் குழாய் பதித்திருந்தார்கள். அது அரித்துக் கசிவதுதான் இந்த வீடுகளின் பெயர்பெற்ற தொல்லை. தரையில் ஓரிடம் மட்டும் காரணமில்லாமல் வெதுவெதுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சுவரடியில் பொருத்தும் பேஸ்போர்டு ஹீட்டருக்கு மாற்றிய வீடாகத் தேடுவது நல்லது. இங்கும் பள்ளி மாவட்டம் தெருவுக்குத் தெரு மாறும்.

கேள்வி: குளோசிங் அன்று, அதாவது வீடு கைமாறும் நாளில், எவ்வளவு கூடுதலாக வைத்திருக்க வேண்டும்?

பதில்: கைமாற்று வரி பொதுவாக 2 சதவீதம், வாங்குபவரும் விற்பவரும் பாதிப் பாதி என்பது வழக்கம். 6 லட்சத்துக்கு உங்கள் பங்கு 6,000. டைட்டில் இன்ஷூரன்ஸ் (உரிமைப் பத்திரச் சிக்கலுக்கான காப்பீடு), முன்கூட்டிக் கட்டும் வரி எல்லாம் தனி. மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயுவான ரேடானுக்கான சோதனையை விட்டுவிடாதீர்கள். லிட்டர் காற்றுக்கு 4 பிகோகியூரிக்கு மேல் வந்தால் குழாயும் விசிறியும் பொருத்தித் தரும்படி விற்பவரிடம் பேரம் பேசலாம்.