கொலராடோ கஞ்சா கடைக்கு யார் காவல்?

கேள்வி: என் பையன் டென்வர்ல எம்.எஸ். படிக்கிறான். அங்க கஞ்சாவ கடையிலயே விக்கிறாங்களாமே, கட்டுப்பாடே கிடையாதா சார்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: நிறையவே இருக்கும்மா. டென்வர் இருக்கற கொலராடோ மாநிலத்துல மருத்துவத்துக்கு 2000லயும், மத்தபடி 21 வயசு ஆனவங்களுக்கு 2012லயும் மக்களே ஓட்டுப் போட்டு அனுமதிச்சாங்க, 2014 ஜனவரி 1ல கடை திறந்துச்சு. லைசென்ஸ் கொடுக்கறது, சோதனை போடறது எல்லாம் வருவாய்த் துறைக்குக் கீழ இருக்கற தனிப் பிரிவு. எனக்குப் பெரிசாப் படறது அந்த டேக் விஷயம்தான், லைசென்ஸ் வாங்கி வளர்க்கற செடியில நம்பர் போட்ட டேக் ஒண்ணு தொங்கும், அறுவடை, லேப் டெஸ்ட், பேக்கிங்னு கடைக் கல்லா வரைக்கும் கணக்கு கம்ப்யூட்டர்ல ஏறிட்டே இருக்கும். அப்புறம் மருத்துவத்துக்கு இல்லாம விக்கற கஞ்சா சாக்லேட், ஜெல்லி மிட்டாய் மாதிரி ஐட்டம்னா போதை தர்ற டிஎச்சி ஒரு துண்டுக்கு 10 மில்லிகிராம், பாக்கெட்டுக்கு 100, அவ்வளவுதான். கரடி, பழம் மாதிரி வடிவத்துல செய்யவே கூடாது, குழந்தைங்க மிட்டாய்னு நெனச்சு வாயில போட்டுடும்ல, ரொம்ப சரியான சட்டம் இது. டாக்டர் சிபாரிசுல அட்டை வாங்கின நோயாளிக்கு வரி கம்மி, மத்தவங்களுக்கு 15 சதவீதம் தனி விற்பனை வரி. கடையே வேணாம்னு ஊர்க்காரங்க தடை போடவும் உரிமை இருக்கு.

ஆனா இதெல்லாம் மாநிலச் சட்டம்மா. விசா அமெரிக்க மத்திய அரசு கையில, அவங்க சட்டத்துல இது இன்னும் குத்தம்தான். கடையில பில் போட்டு வாங்கியிருந்தாலும் விசா, கிரீன் கார்டுன்னு எல்லாத்துலயும் சிக்கல் வரலாம், இன்னிக்கே பையனுக்கு போன் பண்ணிப் பேசிடுங்க.