காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடியை இணைத்து நடக்க, சைக்கிள் ஓட்டப் பாதை போட அரசுப் பணம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் ஒரே கையிலிருந்து வராது. காரைக்குடி மாநகராட்சி, கானாடுகாத்தான் பேரூராட்சி, ஆத்தங்குடி ஊராட்சி, நடுவில் நெடுஞ்சாலைத் துறை என்று வழி துண்டு துண்டாகப் பிரிந்து கிடப்பதால், ஒருவர் போடும் பாதை அடுத்தவர் எல்லையில் நின்றுவிடும். அதனால் கலெக்டர் வழியாகப் போவதே நல்லது. எம்.பி. தொகுதி நிதி வருடத்துக்கு 5 கோடி, அதில் நடைபாதைக்குக் கேட்கலாம். பராமரிப்பை ஏற்கிறோம் என்று உள்ளாட்சி முன்பே உறுதி தர வேண்டும், அங்கேதான் இடிக்கும். போடக் காசு வரும், சரி, வருஷா வருஷம் பாதையில் மண்டும் கருவேலம் வெட்ட யார் தருவது?

அப்புறம், தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) காவடியோடு நடக்கிறார்களே, அந்த வழியையும் மனுவில் சேருங்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வெள்ளைக்காரர் சைக்கிளில் வருகிறார் என்பதைவிட அது எடுபடும்.